கெண்டைக்கால் தசை கிழிந்தபின் முதல் அயர்ன்மேன்: விலகலாமா?

வணக்கம். மலேசியாவின் லங்காவியில் நடக்கும் அயர்ன்மேன் போட்டிக்கு (நீச்சல், சைக்கிள், மாரத்தான் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய நெடும்போட்டி) ஆறு வாரமே இருக்கையில், கெண்டைக்கால் தசைக் கிழிவால் மூன்று வார ஓட்டப் பயிற்சி போய்விட்டதே, விலகிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிசியோதெரபிஸ்ட் அனுமதித்து, ஒரு மணி நேரம் வலியின்றி விறுவிறுவென நடக்க முடிகிறதென்றால், விலக வேண்டாம் என்பதே என் கருத்து. 3.8 கிலோமீட்டர் நீச்சலையும் 180 கிலோமீட்டர் சைக்கிளையும் உடைமாற்றும் நேரம் உட்படப் பத்தரை மணி நேரத்தில் முடித்தால், வழக்கமான 17 மணி நேர வரம்பில் மாரத்தானுக்கு ஆறரை மணி நேரம் மிஞ்சும். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் வீதம், மெல்லோட்டமும் நடையும் கலந்தே கடந்துவிடலாம்.

விட்டுப்போன ஓட்டங்களை ஈடுகட்ட முயலாமல் சைக்கிளில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். அங்குள்ள புழுக்கத்தில் உப்புநீரும் ஆற்றல் தரும் ஜெல்லும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் நீண்ட சவாரிகளிலேயே சோதித்துவிடுங்கள் (பலரை வீழ்த்துவது காலல்ல, வயிறு).