பக்கத்து இடத்தில் கல் கொட்டினால் நம் மணல் ஏன் போகிறது?

கேள்வி: புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. தெற்கே அடுத்த இடத்துக்காரர் கருங்கல் கொட்டினார். அதிலிருந்து எங்கள் பக்கம் மணல் அரித்துக்கொண்டே போகிறது. நாங்களும் கல் கொட்டலாமா?

பதில்: வேண்டாம். கல் தோப்பைக் கொஞ்ச காலம் காக்கும், மணலைக் காக்காது. அப்புறம் உங்களுக்கு வடக்கே இருப்பவர் இதே கேள்வியோடு வருவார்.

அலை பெரும்பாலும் கரைக்குச் சற்றுச் சாய்வாகத்தான் வரும். ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளும். வடியும்போது தண்ணீர் சரிவில் நேரே இறங்கிவிடும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கலங்குகிற மணலோ கரையோர நீரோட்டத்தோடு போய்விடுகிறது, பெரும்பங்கு அதுதான். குளித்துவிட்டுக் கரையேறினால், கழற்றி வைத்த செருப்பு எங்கேயோ தள்ளிக் கிடக்கும். செருப்பு அங்கேயேதான் இருக்கிறது, நகர்ந்தது நீங்கள். மணலை நகர்த்துவதும் அதே இழுப்புதான்.

உங்கள் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை ஓட்டம் வடக்கு நோக்கி. வடகிழக்குப் பருவக்காற்றின்போது திசை மாறும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே துறைமுகச் சுவரோ கற்குவியலோ தடுப்பாக வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். 1870களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகு அதற்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதனால்தான். புதுச்சேரியிலும் 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நகரத்து மணற்கரை கரைந்தது, கல் கொட்டினார்கள், அரிப்பு வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் நகர்ந்தது. ஆகவே பழி முழுவதையும் பக்கத்து இடத்துக்காரர் மேல் போடுவது நியாயமில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அளந்து பாருங்கள். மழைக்காலப் புயல் அலை இழுத்துப்போகிற மணலில் ஒரு பகுதி கரைக்கு அருகிலேயே மணல் திட்டாகத் தங்கி, கடல் அடங்கியதும் திரும்பி வரும். டிசம்பரில் பார்த்துப் பயந்து முடிவெடுக்காதீர்கள். கிணற்றுச் சுவர் போல அசையாத ஒன்றிலிருந்து அலை ஏறி நின்ற கோடு வரை மாதாமாதம் பௌர்ணமியன்று டேப் பிடித்து எழுதி வையுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். இந்த மார்ச்சை அடுத்த மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும்.

மணல் மேட்டைச் சமன்படுத்த வேண்டாம். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்தால் காற்று கொண்டுவரும் மணல் அங்கேயே நிற்கும். பெரிய அலையை அவை தடுக்காது. ஆனால் அலை தின்பதற்கு முன்னால் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். கட்டடம் எதுவும் கட்டுவதென்றால் முடிந்தவரை உள்ளே தள்ளிக் கட்டுங்கள். கல் போடுவதற்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிப்படி அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

உண்மையான மருந்து, தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே போடுவது. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் கடற்கரைக்குக் கொடுக்கிறார்கள். அது தனியாள் செய்யும் காரியமில்லை. ஊரோடு சேர்ந்து மனுக் கொடுங்கள். அந்த அளவுக் கணக்கையும் மாதவாரிப் படங்களையும் கூடவே இணையுங்கள்.