மாதாவிடம் வேண்டுவது ஆராதனையா?

கேள்வி: எங்களுடையது இராயபுரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் கத்தோலிக்கக் குடும்பம். என் மருமகள் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவள். பெரம்பூர் லூர்து மாதா திருவிழாவுக்கு அவளை அழைத்துச் சென்றபோது, முழங்காலிட்டிருந்த கூட்டத்தைப் பார்த்து, “மத்தியஸ்தர் ஒருவரே என்று வேதம் சொல்கிறதே, அத்தை, பிறகு மரியாளிடம் ஏன் வேண்டுகிறீர்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.
– ஒரு வாசகி, இராயபுரம்

பதில்: உங்கள் மருமகள் கேட்டதில் தவறேதும் இல்லை, அம்மா. அவர் நினைவூட்டிய 1 திமொத்தேயு 2:5 வசனத்தை, உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே, 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், மரியாவைக் குறித்த எட்டாம் அதிகாரத்தில் எடுத்தாள்கிறது. மரியாவின் பரிந்துரை கிறிஸ்துவின் பேறுபலன்களிலிருந்தே பெருகுகிறது என்றும், அவருடைய ஒரே இணைப்புப்பணியை, அதாவது மத்தியஸ்தத்தை, அது எவ்வகையிலும் மறைப்பதோ குறைப்பதோ இல்லை என்றும் அங்கே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

நம் வீட்டு மன்றாட்டுமாலையையே கவனியுங்கள். இறைவனை விளித்ததும் “எங்கள்மேல் இரக்கமாயிரும்” என்கிறோம். மாதாவை விளித்ததும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்கிறோம். நற்கருணைக்கு ஆராதனை உண்டு, மாதாவுக்கு வணக்கம்தான் உண்டு. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது என்பதை 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கத்தைப் பற்றிப் பேசியபோதே வரையறுத்துவிட்டது.

‘இறைவனின் தாய்’ என்ற பட்டமும் மரியாவைத் தெய்வமாக்க எழுந்ததன்று. கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் அப்பட்டத்தை ஏற்கத் தயங்கி, ‘கிறிஸ்துவின் தாய்’ என்பதே பொருத்தம் என்றார். 431-இல் எபேசு சங்கம் அதை மறுத்தது. தாய் பெற்றெடுப்பது ஓர் ஆளை. மரியா பெற்றெடுத்தவர் கடவுளின் மகனாகிய ஒரே ஆள் என்றால், அவரை இறைவனின் தாய் என்றே அழைக்க வேண்டும். அன்று காக்கப்பட்டது இயேசு யார் என்ற நம்பிக்கை.

பெரம்பூர்த் திருத்தலத்தின் பெயரோடு தொடர்புடைய அமல உற்பவக் கோட்பாட்டையும், அதாவது கருவான நொடி முதலே மரியா பிறப்புநிலைப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்பதையும், மருமகளிடம் மறைக்க வேண்டாம். அதைத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) 1854-இல் விசுவாசப் பிரகடனமாக அறிவித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து லூர்து நகரில், “நாமே அமல உற்பவம்” என்று மாதா மொழிந்ததாகப் பெர்னதெத் என்ற சிறுமி கூறினார். பாவமே தீண்டாதவருக்கு மீட்பர் எதற்கு என்ற கேள்வி பழையது. இடைக்காலத்தின் பெரும் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸே இதன் பொருட்டுத் தயங்கினார். விழுந்தவரைத் தூக்கிவிடுவதும் மீட்பு, விழாமல் தாங்கிக்கொள்வதும் மீட்பு, பின்னது அதனினும் மேலானது என்ற விடையைக் கண்டவர், அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ்கன் இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ். 1854 அறிக்கையும் கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டே மரியா காக்கப்பட்டார் என்கிறது. தம் பாடலில் மரியாவும் கடவுளைத் தம் மீட்பர் என்றே அழைக்கிறார்.

விண்ணேற்பைப் பற்றி ஒரு சொல் போதும். இயேசு தாமே ஏறியது விண்ணேற்றம். மரியா எடுத்துக்கொள்ளப்பட்டது விண்ணேற்பு. 1950-இல் அறிவிக்கப்பட்ட கோட்பாட்டை நம் தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

ஆயினும், நம் மக்களுள் சிலர், மகன் கோபக்காரர், தாய்தான் இளகிய மனத்தினர் என்பதுபோல் பேசுவது உண்டு. அது திருச்சபையின் போதனை அன்று. அதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது. மரியாவை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமற்றது என வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2025 நவம்பரில் அறிவித்ததும், கிறிஸ்துவின் ஒரே மீட்பு மங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே உங்கள் மருமகள் அஞ்சுவது வெறும் பிற சபைக் குற்றச்சாட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அவரை ஜெபமாலைக்கு வற்புறுத்தாதீர்கள். லூக்கா முதல் அதிகாரத்தில் 46 முதல் 55 வரையுள்ள மரியாவின் பாடலை ஒரு மாலையில் இருவரும் சேர்ந்து வாசியுங்கள். புரட்டஸ்டாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே 1521-இல் அதற்கு அன்போடு விளக்கவுரை எழுதியவர் என்பதையும் சொல்லுங்கள். “எல்லாத் தலைமுறையும் என்னைப் பேறுபெற்றவர் என்பர்” என்ற வரியை மருமகளே வாசிக்கட்டும்.