காதல் நாவல்களில் வரும் கேக்குகள், வீட்டு ஓவனில்: கேள்வி பதில்

நாவலில் நாயகி கேக் செய்யும் அத்தியாயத்தில் வாசனை இருக்கும், மாவு ஒட்டிய கன்னம் இருக்கும். அளவு மட்டும் இருக்காது. கீழே உள்ள அளவுகளில் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, வெண்ணெய் உப்பில்லாதது. சூடு விசிறி இல்லாத ஓவனுக்குச் சொன்னது. விசிறி ஓடினால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீஜென்சி காலத்துக் காதல் கதைகள் படிக்கும் தோழிகளுக்குத் தேநீர் விருந்து வைக்கிறேன். விக்டோரியா ஸ்பான்ஞ் பொருத்தமா?

சுவைக்குப் பொருத்தம், காலத்துக்குப் பொருத்தமில்லை. ரீஜென்சி என்பது இங்கிலாந்தில் மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட காலம், 1811 முதல் 1820 வரை. கேக்குக்குப் பெயர் தந்த அரசி விக்டோரியா அரியணை ஏறியது 1837-இல், அதை எழுப்பும் பேக்கிங் பவுடரை இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கியது 1843-இல். ஆனால் ஸ்பான்ஞ் கேக் அப்போதே இருந்தது. ஜேன் ஆஸ்டின் 1808-இல் தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கேக்கை எழுப்பியது முட்டைக்குள் அடைபட்ட காற்றுதான்.

3 முட்டை, 90 கிராம் சர்க்கரை, 90 கிராம் மைதா, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல். முட்டையையும் சர்க்கரையையும் மின்பீட்டரில் 8 முதல் 10 நிமிடம் அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் வழியும் கலவை, கிண்ணத்தின் மேல் நாடாவாக விழுந்து சில விநாடிகள் கரையாமல் நிற்க வேண்டும். அதற்கு முன் நிறுத்தினால் கேக் எழும்பாது. மைதாவை மூன்று தடவையாகச் சலித்துப் போட்டு, அகலமான ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். கலக்கும்போது அடியில் மாவுக் கட்டி தங்குவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. கேக்கை வெட்டும்போது அது ரப்பர் போன்ற அடுக்காகத் தெரியும். 18 செ.மீ. டின், 180 டிகிரி, 25 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது.

கேள்வி: அதே காலத்து நாயகிகள் படுக்கையில் இருந்தபடியே குடிக்கும் சாக்லேட்?

கோகோ பவுடர் வேண்டாம். சாக்லேட்டிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹூட்டன் காப்புரிமை பெற்றது 1828-இல்தான். அதற்கு முந்தைய பானம் கொழுப்போடு கனமாக இருந்தது. 200 மில்லி பாலைச் சூடாக்கி, பொங்கும் முன் இறக்கி, 50 கிராம் டார்க் சாக்லேட்டை (70 சதவீதம்) நறுக்கிப் போட்டு, நுரை வரும்வரை விஸ்க்கால் அடியுங்கள். ஒரு சிட்டிகை பட்டைத்தூள் போதும்.

கேள்வி: தேநீரோடு சாப்பிடும் குட்டி ரொட்டியான ஸ்கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறது. நாவல் அட்டையில் எவ்வளவு நேராக நிற்கிறது!

அட்டையில் இருப்பதற்கு ஓவனே தேவையில்லை. உங்களுடையது சாய்வதற்கு அநேகமாக இரண்டு காரணங்கள்தான். ஒன்று, கட்டரை அழுத்தியபின் திருகி எடுப்பது; ஓரம் நசுங்கி அந்தப் பக்கம் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும். கட்டரை மாவில் தொட்டு, நேராக அழுத்தி, நேராகத் தூக்குங்கள். இரண்டு, மேலே தடவும் முட்டை பக்கவாட்டில் வழிவது; அது வெந்து இறுகியதும் பசையாகப் பிடித்து நிறுத்திவிடும்.

அளவு: மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 25 கிராம், குளிர்ந்த பால் 140 மில்லி. வெண்ணெயை விரல்நுனியால் மாவில் உதிர்த்து ரொட்டித்தூள் பதம் வந்ததும் பாலைச் சேர்த்துக் கூட்டினால் போதும், பிசையக் கூடாது. கனம் 2.5 செ.மீ. இருக்கட்டும். மெல்லியதாகத் தேய்த்துவிட்டு ஸ்கோன் எழும்பவில்லை என்பவர்கள்தான் அதிகம். 220 டிகிரி, 12 நிமிடம்.

கேள்வி: ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கதைகளில் வரும் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் செய்தேன். தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது.

வெண்ணெய் உருகும் நிலையில் ஓவனுக்குள் போயிருக்கிறது. சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2, மாவு 3, இதுதான் விகிதம். 60 கிராம், 120 கிராம், 180 கிராம் என்று எடுங்கள். அந்த 180-இல் 30 கிராம் அரிசி மாவாக இருந்தால் கடிக்கும்போது மணல் மணலாக உதிரும். கடையில் வாங்குவதில் கிடைக்காத சுகம் அது. வடிவம் வெட்டியபின் தட்டோடு 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரியில் 25 நிமிடம். ஓரம் மட்டும் லேசாக நிறம் மாறினால் போதும். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருப்பதைப் பார்த்து மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள், ஆறினால்தான் இறுகும்.

கேள்வி: அக்கா, சின்ன ஊர், பேக்கரி நடத்தும் நாயகி, காலையில் சின்னமன் ரோல். இந்த வகைக் கதைகள் நூறு இருக்கும். ரோல் மட்டும் எனக்கு வரவில்லை: நடு எகிறி நிற்கிறது, சர்க்கரை அடியில் வழிந்து கருகுகிறது.

நடு எகிறுவதற்குக் காரணம் இறுக்கிச் சுருட்டுவது. மாவு உப்பும்போது பக்கவாட்டில் இடமில்லாமல் மேலே தள்ளும். தளர்வாகச் சுருட்டுங்கள், கடைசி முனையை ரோலின் அடியில் செருகிவிடுங்கள். வழிவதற்குக் காரணம் உருக்கிய வெண்ணெய். உள்ளே தடவும் வெண்ணெய் விரல் பதியும் அளவு மென்மையாக இருக்க வேண்டும், உருகியிருக்கக் கூடாது.

மாவுக்கு: மைதா 350 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6 கிராம், சர்க்கரை 45 கிராம், உப்பு 5 கிராம், வெதுவெதுப்பான பால் 180 மில்லி, முட்டை 1, வெண்ணெய் 50 கிராம். வெண்ணெயைத் தவிர மற்றதைப் பிசைந்து, பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 10 நிமிடம் பிசையுங்கள். முதலில் கையில் பிசுபிசுக்கும். பயந்து மேலும் மாவு தூவினீர்களானால் ரோல் மறுநாள் கல்தான். ஒரு துண்டைக் கிள்ளி இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரியும் மெல்லிய சவ்வாக வர வேண்டும், அதுவரை பிசையுங்கள். இரட்டிப்பாகும்வரை மூடி வையுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், மாவைப் பாருங்கள்.

பூரணம்: வெண்ணெய் 60 கிராம், பிரவுன் சர்க்கரை 100 கிராம், பட்டைத்தூள் 1 டேபிள்ஸ்பூன், மைதா 1 டீஸ்பூன். அந்த மைதா கசியும் பாகைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். வாசனைக்காகப் பட்டையை மாவிலேயே கலக்க வேண்டாம், அது ஈஸ்ட்டை மந்தமாக்கும். 40 × 30 செ.மீ. அளவுக்குத் தேய்த்து, பூரணம் பரப்பி, நீளப் பக்கத்திலிருந்து சுருட்டி, தையல் நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்காக இழுத்து 9 துண்டாக்குங்கள். கத்தி அழுத்தி வட்டத்தைச் சப்பையாக்கிவிடும். 23 செ.மீ. சதுர டினில் 40 நிமிடம் உப்பவிட்டு, 180 டிகிரியில் 25 நிமிடம். நாயகி மாதிரி நடுச்சாமத்தில் எழ வேண்டியதில்லை: துண்டு போட்டு டினில் அடுக்கி, மூடி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் குளிர் விட்டு உப்பியதும் பேக் செய்யலாம்.

கேள்வி: ரோஜா, லாவெண்டர் போட்டால் சோப்பு வாசனை அடிக்கிறது.

அளவு கூடிவிட்டது. 250 கிராம் மாவுள்ள கேக்குக்கு ரோஜாப் பன்னீர் 2 டீஸ்பூனில் தொடங்குங்கள். எசன்ஸ் என்றால் சொட்டுக் கணக்கு. சூட்டில் மணம் பறந்துவிடும் என்பதால் மாவில் ஊற்றுவதைவிட, வெந்த கேக்கில் தடவும் பாகிலோ ஐசிங்கிலோ சேர்ப்பது நல்லது. காய்ந்த லாவெண்டர் 1 டீஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள், அதையும் சர்க்கரையோடு அரைத்துச் சலித்துவிடுங்கள். சமையலுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள், அலங்காரப் பூக்களில் மருந்து அடித்திருக்கலாம்.

கேள்வி: வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. பேக்கரி நாயகியின் கேக்கை விட்டுவிட வேண்டியதுதானா?

முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகத்தான் மேலே சொன்ன பேர்ட் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும் பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார் என்பார்கள். அதைவிடக் காதல் கதை வேண்டுமா? மைதா 190 கிராம், புளிக்காத தயிர் 240 கிராம், சர்க்கரை 150 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா 1 டீஸ்பூன். தயிரும் சோடாவும் சேர்ந்த உடனே வாயு கிளம்பிவிடும். கலந்ததும் சூடான ஓவனுக்குள் போக வேண்டும். 20 செ.மீ. டின், 180 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். சோடா கூடினால் கேக் பழுப்பேறி, நாக்கில் சோப்பு ருசி தட்டும். முதல் பதிலில் உள்ள ஸ்பான்ஞ்சை மட்டும் முட்டையில்லாமல் முயல வேண்டாம், அதில் முட்டைதான் எல்லாம்.

கேள்வி: நாவலின் கடைசிப் பக்கத்தில் செய்முறை இருக்கிறது, எல்லாம் கப் கணக்கு.

முதலில் எழுதியவர் எந்த நாட்டவர் என்று பாருங்கள். அமெரிக்கக் கணக்கில் 1 கப் மைதா சுமார் 125 கிராம், சர்க்கரை 200 கிராம், ஒரு ஸ்டிக் வெண்ணெய் 113 கிராம். 350 ஃபாரன்ஹீட் என்றால் 180 செல்சியஸ் வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மற்ற இடங்களில் 15. செல்ஃப் ரெய்சிங் மாவு கேட்டால் 100 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலியுங்கள்.

கேள்வி: இருவருக்கான இரவு விருந்து. லாவா கேக்கை முன்கூட்டியே செய்து வைக்க முடியுமா?

முடியும். 60 கிராம் டார்க் சாக்லேட்டும் 50 கிராம் வெண்ணெயும் உருக்கி ஆறவிடுங்கள். 1 முட்டை, 1 மஞ்சள் கரு, 30 கிராம் சர்க்கரையை வெளுக்க அடித்து அதில் சேர்த்து, 15 கிராம் மைதா மடித்துக் கலக்குங்கள். வெண்ணெய் தடவி கோகோ தூவிய 2 கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மாலைவரை தாங்கும். 200 டிகிரியில் 12 நிமிடம், ஃப்ரிட்ஜிலிருந்து நேரே போனால் 14. ஓரம் ஒரு செ.மீ. இறுகி நடு ஆட வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்துக் கவிழ்த்துவிடுங்கள். கிண்ணத்தின் சூட்டிலேயே உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

நடுவில் முட்டை முழுதாக வேகாது என்பதால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இதைத் தர வேண்டாம். அவர்களுக்கு 30 கிராம் சாக்லேட்டை 30 மில்லி சூடான கிரீமில் உருக்கி, உறையவைத்து, உருண்டையாக்கி மாவின் நடுவில் புதைத்து, கேக்கை முழுதாக வேகவிடுங்கள். வழிவது சாக்லேட்டாகவே இருக்கும்.