அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணம் பாலைவனம்தானே, அங்கே எப்படி இவ்வளவு திராட்சை விளைகிறது?

மழையை நம்பி அங்கே எதுவும் விளைவதில்லை. ஆண்டு மழை சுமார் 200 மி.மீ.தான். ஆண்டீஸ் மலைப் பனி உருகி மெண்டோசா, துனுயான், தியாமாந்தே, அத்துவேல் ஆறுகளில் இறங்கும் நீர்தான் எல்லாம். மாகாணப் பரப்பில் பாசனம் பெறுவது 5 சதவீதம்கூட இல்லை. மக்களில் பெரும்பாலோர் அந்தத் துண்டு நிலத்தில்தான் இருக்கிறார்கள்.

1884 தண்ணீர்ச் சட்டப்படி நீருரிமை நிலத்தோடு ஒட்டியது, தனியாக விற்க முடியாது. முறை வரும்போது மதகு திறக்கும். வாய்க்கால் நீர் திராட்சை வரிசைகளுக்கு இடையிலான சால்களில் பாயும். ஆகவே அங்கே நிலம் வாங்குகிறவர் மண்ணைவிட நீருரிமைப் பத்திரத்தை முதலில் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். கிணற்றை மட்டும் நம்பினால் சில பகுதிகளில் உப்பு ஏறும்.

பூக்கும் காலத்தில் சோண்டா என்ற வறண்ட அனல்காற்று வீசினால் பூ கருகும். கோடையில் ஆலங்கட்டி மழை சில நிமிடங்களில் கொத்துகளைச் சிதைத்துவிடும். அதனால்தான் தோட்டங்கள்மேல் வலை.

1885இல் ரயில் வந்ததும் புவெனஸ் ஐரிஸ் சந்தை திறந்தது. இன்று நாட்டின் ஒயினில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இங்கிருந்துதான். மால்பெக் என்ற திராட்சை வகை பெயர்பெற்றது. ஆனால் ஒயின் மட்டுமே பொருளாதாரம் அல்ல: பெட்ரோலிய எடுப்பு, லூஹான் தே குயோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, பூண்டு, சிலிக்குப் போகும் லாரிப் போக்குவரத்து எல்லாம் உண்டு. குளிர்காலப் பனியில் சிலிக்குப் போகும் ஆண்டீஸ் கணவாய் மூடினால் லாரிகள் நாள்கணக்கில் நிற்கும்.