பேன்ட் பையில் எந்தப் பேனாக்கத்தி? லெஸ்டருக்கு வந்த தம்பிக்கு

தம்பி, லெஸ்டருக்குப் படிக்க வந்து மூன்று வாரம் ஆகிறது, ஊரில் எப்போதும் பையில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும், இங்கே மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி ஓப்பினலில் எட்டாம் நம்பர் வாங்கலாமா, சுவிஸ் கம்பெனி விக்டோரினாக்ஸின் கத்தி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலையும் இரும்பும் அப்புறம். முதலில் கத்தியை விரித்து, அலகின் முதுகில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மடங்கினால் வாங்கலாம். மடங்காமல் விறைத்து நின்றால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் ஏதும் சொல்லாமல் வெளியே எடுத்துப்போகக்கூடிய கத்தி ஒரே வகைதான். அது மடங்க வேண்டும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 7.62 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பூட்டுக் கத்தி, அதாவது விரித்ததும் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும் கத்தி, இந்தச் சலுகையில் சேராது என்று 1990களிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டு இருந்தால் விரலில் மடங்காதே, அதுதானே பத்திரம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

உங்கள் எட்டாம் நம்பர் இரண்டிலும் அடிபடுகிறது. அலகு எட்டரை சென்டிமீட்டர், கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் வேறு. ஆறாம் நம்பர் அளவில் தப்பும், ஆனால் வளையம் அதற்கும் உண்டு. ஓப்பினல்தான் வேண்டும் என்றால் வளையம் இல்லாத ஐந்து அல்லது நான்கு. கார்பன் எஃகு வாங்கினால் கூர்மை அருமையாக ஏறும், ஆனால் ஒரு எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் அலகு கறுத்துப்போகும். மழையில் நனைந்தால் மரப்பிடி ஊறி, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். இந்த ஊர் மழை உங்களுக்கு இன்னும் பழகவில்லை!

எட்டு வருடமாக என் பையில் இருப்பது விக்டோரினாக்ஸ் கேடட். மடக்கினால் 84 மில்லிமீட்டர் நீளம், அலகு அதைவிடச் சிறியது, சொரசொரப்பான அலுமினியப் பிடி, பூட்டு கிடையாது. தட்டையாக இருப்பதால் பேன்ட் பையில் துருத்தாது. நகத்தைக் கொடுத்து இழுத்தால் பாதியில் ஒரு அழுத்தம், பிறகு டக்கென்று விரியும். பார்சல் நாடா, அரிசி மூட்டைத் தையல், ஆப்பிள், எல்லாவற்றுக்கும் போதும். சாவிக்கொத்தில் மாட்ட வேண்டுமென்றால் விக்டோரினாக்ஸ் கிளாசிக். 58 மில்லிமீட்டர்தான், ஆனால் அதிலிருக்கும் குட்டிக் கத்தரிக்கோல் அலகைவிட அதிகம் உழைக்கும். ஒன்று கவனியுங்கள், அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் பெரிய கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு உண்டு. பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இடுக்கியும் கத்தியும் ஒன்றாக மடங்கும் லெதர்மேன் வேவ் மாதிரிக் கருவிகளும் அப்படித்தான், அலகு பூட்டிக்கொள்ளும்.

கிடங்கில் பகுதிநேர வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அட்டைப்பெட்டி வெட்டும் கத்தியை வேலை முடிந்ததும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். என் முதல் குளிர்காலத்தில் அது கோட்டுப் பையில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டுக்குக் கிளம்பியவன், ரயில் நிலைய வாசலில் போலீஸ் நிறுத்தியிருந்த உலோகச் சோதனை வளைவில் மாட்டினேன். "வேலைக்கு" என்றேன். "இன்றைக்கு வேலையா?" என்று கேட்டார். வாய் உலர்ந்துபோனது. கத்தியை வாங்கிக்கொண்டு, பெயர் எழுதி, எச்சரித்து அனுப்பினார்கள்; அன்றைக்கு என் நல்ல நேரம். மறந்துவிட்டேன் என்பது மட்டும் இங்கே தகுந்த காரணம் ஆகாது. அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டுச் சிறை. வழக்கு என்று ஒன்று பதிவானால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. யாராவது எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால், நம்ம ஊர்ப் பழக்கத்தில் "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" என்று வாயில் வந்துவிடும். அந்த ஒரு சொல் போதும், சட்டப்படி சரியான குட்டிக் கத்தியும் ஆயுதமாகிவிடும். ஆப்பிள் நறுக்க என்றால் ஆப்பிள் நறுக்க என்று சொல்லுங்கள்.

கால்பந்து மைதானம், நீதிமன்றம், இரவு விடுதி பக்கம் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அளவு சரியாக இருந்தாலும் வாசலில் பிடுங்கிக்கொள்வார்கள். ஊருக்குப் போகும்போது செக்-இன் பெட்டியில் போடுங்கள். சாவிக்கொத்தோடு விமானப் பாதுகாப்புச் சோதனைக்குள் நுழைந்து இரண்டு கிளாசிக்கைத் தொலைத்தவன் நான். இப்போதெல்லாம் டாக்சி வந்து நின்றதும் என் மனைவி பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கு முன்னால் சாவிக்கொத்தைத்தான் கேட்கிறாள்.