‘ப்யூர் உல்’ நூலில் பின்னிய மிட்டன் ஏன் குளிர்கிறது?

கேள்வி: பனி பொழியும் நாட்டில் இருக்கும் அண்ணன் குடும்பத்துக்குப் போன டிசம்பரில் நானே மிட்டன் (பெருவிரலுக்குத் தனி அறையும் மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே அறையும் உள்ள கையுறை) பின்னி அனுப்பினேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் வெளியே போட்டுக்கொண்டு போனால் விரல் விறைத்துப்போகிறது என்று அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார். ‘ப்யூர் உல்’ என்று போட்டிருந்த நூலைத்தான் ஆன்லைனில் வாங்கினேன். தவறு என் பின்னலிலா, நூலிலா? இந்த வருடம் அண்ணன், அண்ணி, பத்து வயதுப் பையன், நான்கு வயதுப் பெண் என்று நான்கு ஜோடி பின்ன வேண்டும். கை அளவும் சரியாகத் தெரியாது.

பதில்: இரண்டிலும் இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது நூலைத்தான். போன வருடத்து நூல் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். அதில் விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியால் பிடித்து, கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நுனியில் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் நாற்றம் வரும். தீயை விலக்கியதும் தானே அணைந்துவிடும். மிஞ்சும் கரி விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்ற செயற்கை இழை என்றால் உருகிச் சொட்டும், கறுப்புப் புகை விடும், ஆறியதும் நுனியில் கெட்டியாக ஒரு மணி நிற்கும்.

இரண்டும் கலந்த நூல் இந்தச் சோதனையில் குழப்பும். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சை ஊற்றி, நூல் துண்டைப் போட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கம்பளி முழுக்கக் கரைந்து காணாமல் போகும். அக்ரிலிக் அப்படியே கிடக்கும். பாதி கரைந்து பாதி நின்றால் கலப்பு. பிளீச்சோடு வினிகரோ வேறு கிளீனரோ எதையும் கலக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆன்லைன் விற்பனைத் தளங்களில் பின்னல் நூல் முழுவதையும் ‘உல்’ என்ற ஒரே தலைப்பில் கொட்டி வைத்திருக்கிறார்கள். ‘பேபி உல்’, ‘சாஃப்ட் உல்’, ‘காஷ்மீர் டச்’ என்று பெயர் வைத்தவற்றில் பெரும்பாலானவை அக்ரிலிக். இடையில் இருக்கும் வியாபாரிகள் சிலர் பெரிய கூம்பில் வரும் மில் நூலை வாங்கி, சின்னச் சின்ன உருண்டையாகச் சுற்றி, லேபிளைக் கழற்றிவிட்டுத் தங்கள் பெயரை ஒட்டி விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். பிரித்தால் திருப்பித் தர முடியாது. பிரிக்காமல் சோதிக்க முடியாது. புகார் கொடுத்தால் ‘படத்தில் உள்ள அதே பொருள்தான்’ என்று பதில் வரும். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களைப் பாருங்கள்: பார்சல் வந்த அன்றே நிறம் அழகு என்று எழுதியிருப்பார்கள். ஒரு குளிர்காலம் போட்டுப் பார்த்துவிட்டு எழுதியவர் யாராவது உண்டா? இதை ஒழுங்குபடுத்த அந்தத் தளங்களுக்கு ஒரு நாள் போதும். செய்யமாட்டார்கள்.

ஆகவே தலைப்பை விட்டுவிட்டு, நூலிழை விவரத்தை மட்டும் படியுங்கள். ‘100 சதவீதம் கம்பளி’ என்று எண்ணோடு இருக்க வேண்டும். எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். லேபிளின் தெளிவான படம் கேளுங்கள். அனுப்பத் தயங்கும் கடையில் உங்களுக்கு வேலை இல்லை. முதலில் ஒரே ஓர் உருண்டை வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். அப்போது எல்லா உருண்டையும் ஒரே டை லாட் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதி) எண்ணில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஜோடிக்குச் சுமார் 100 கிராம், சின்னவளுக்கு 50 கிராம் வேண்டியிருக்கும்.

கம்பளியையே ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், கை வியர்க்கும். பனியைத் தொட்டால் நனையும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. அதன் இழை இயல்பிலேயே சுருள்சுருளாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும்; குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சாது, வியர்வை தோலிலேயே நின்று குளிரும். பருத்தி உறிஞ்சும், ஆனால் விடாது. அது இன்னும் மோசம். அல்பாகா, மொஹேர் போன்ற வேறு விலங்குகளின் முடி நூல்கள் பக்கம் இந்த வருடம் போக வேண்டாம்.

நூல் சரியாக இருந்தால் அடுத்தது பின்னல். மிட்டனைப் பகலில் ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். கண்ணிகளுக்கு நடுவே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? அந்த வழியாகத்தான் காற்றும் வருகிறது. லேபிளில் எண் 4 போட்ட நடுத்தரத் தடிமன் நூலுக்கு 4.5 அல்லது 5 மி.மீ. ஊசி என்று எழுதியிருப்பார்கள். அது ஸ்வெட்டருக்குச் சரி. மிட்டனுக்கு 3.5 அல்லது 3.75 எடுங்கள். 10 செ.மீ. அகலத்தில் 22 முதல் 24 கண்ணி வர வேண்டும். முதலில் மாதிரித் துண்டு பின்னி, அலசிக் காயவைத்து, அதன்பிறகு எண்ணுங்கள்.

துணி நெருக்கமாக இருக்க வேண்டுமே தவிர, கை இறுகக் கூடாது. கையுறையைவிட மிட்டன் சூடாக இருப்பதே நான்கு விரலும் ஒரே அறையில் சேர்ந்து சூட்டைப் பகிர்ந்துகொள்வதால்தான். இறுக்கிவிட்டால் அந்த அறையில் காற்று நிற்க இடம் இருக்காது. உள்ளங்கைச் சுற்றளவைவிட 1 முதல் 2 செ.மீ., நீளத்தில் 1 செ.மீ. கூடுதலாக விடுங்கள்.

இரண்டு நிறம் வைத்துப் பின்னத் தெரியும் என்றால் செய்யுங்கள். ஒரு நிறம் முன்னால் வரும்போது மற்றது பின்னால் ஓடுவதால் துணி இரட்டையாகிறது. நார்வேயின் செல்பு மிட்டன்கள் பேர் வாங்கியது நட்சத்திரப் பூவேலைக்காக. அதே வேலைதான் அவற்றைத் தடிப்பாக்குகிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு மட்டும் வேண்டாம், உள்ளே ஓடும் நூலில் விரல் மாட்டும்.

பேட்டர்ன் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பு) வாங்குவதிலும் இப்போது மோசடி வந்துவிட்டது. கணினியே உருவாக்கிய படத்தைப் போட்டுக் காசு வாங்குகிறார்கள். அந்த மிட்டனை யாரும் பின்னியதே இல்லை. 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி, ஊசி அளவு என்ன, எத்தனை மீட்டர் நூல் என்ற மூன்றும் விற்பனைப் பக்கத்திலேயே இல்லாத பேட்டர்னுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அளவுக்கு, அவர்கள் இப்போது போடும் கையுறையை மேசையில் விரித்து, பெருவிரலை விட்டுவிட்டு அகலத்தை அளந்து சொல்ல அண்ணியிடமே கேளுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. கையுறையில் கூடுதல் இடம் ஏற்கெனவே இருக்கும் என்பதால் மேலே சேர்க்க வேண்டாம். ரகசியமாக வைக்க வேண்டுமென்றால், வெறும் கையின் சுற்றளவு பெண்ணுக்குச் சுமார் 18 செ.மீ., ஆணுக்கு 21, பத்து வயதுக்கு 17, நான்கு வயதுக்கு 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு ரிப் (இழுபடும் வரிப்பின்னல் பகுதி) பெரியவர்களுக்கு 8 செ.மீ. இருந்தால்தான் கோட்டுக் கைக்குள் நுழையும். தொலைந்துவிடும் என்று சின்னவளின் மிட்டன்களைக் கழுத்தைச் சுற்றிக் கயிறு கட்டி இணைக்காதீர்கள், ஆபத்து. கோட்டுக் கையில் மாட்டும் கிளிப் போதும்.

கடைசியாகத் துவைப்பது. சாதாரணக் கம்பளியை வெந்நீரில் வாஷிங் மெஷினில் போட்டால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அண்ணனின் மிட்டன் பையனுக்குக்கூடப் போதாது. இதற்கு ஒரு விதிவிலக்கு ‘சூப்பர்வாஷ்’. குளோரினால் செதிலை மழுங்கடித்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்த கம்பளி அது. மெஷினில் போடலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதையே சொல்வேன், ஆனால் சில விஷயங்கள் கவனிக்க வேண்டும். நனைந்தால் அது தொளதொளவென்று நீளும், அதனால் மாதிரித் துண்டை அலசாமல் அளந்தால் கணக்கு முழுக்கத் தப்பிவிடும். தொங்கவிட்டுக் காயப்போடக் கூடாது. விரித்துத்தான் போட வேண்டும். டிரையரில் போடலாமா என்பது ஒவ்வொரு நூலுக்கும் மாறும், லேபிளில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுதான். அப்புறம், சூப்பர்வாஷ் என்று எழுதிவிட்டு அக்ரிலிக் கலந்து விற்பவர்களும் உண்டு. சூப்பர்வாஷும் கம்பளிதான், அதுவும் பிளீச்சில் கரைய வேண்டும்.

துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதி, தைத்துச் சரிசெய்யக் கொஞ்சம் மிச்ச நூலோடு பெட்டியில் வையுங்கள். நான்கையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். சின்னவளுடையது சீக்கிரம் முடியும். அதை முதலில் பின்னி அனுப்பி, வெளியே போய் வந்தபின் விரல் எப்படி இருந்தது என்று அண்ணியிடம் நேராகவே கேளுங்கள். அதே நூல், அதே ஊசியில் மற்ற மூன்றையும் பின்னலாமா என்பது அவர் பதிலில் தெரிந்துவிடும்.