மொட்டைமாடித் தொலைநோக்கியும் மரக்கடை விளக்கும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். ஜோலார்பேட்டை அருகே என் வீட்டு மொட்டைமாடியில், தள்ளித் திறக்கிற தகரக் கூரையோடு சிறிய வானியல் கூடம் வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக வானம் காட்டுகிறேன். தொலைநோக்கியைத் தாங்கி, நட்சத்திரத்தின் நகர்வோடு திருப்புகிற மோட்டார் மவுன்ட்டை ஆன்லைனில் 1.8 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். 7 மாதத்தில் நின்றுவிட்டது. 2 வருட வாரண்டி இருந்தும், ‘உங்கள் வீட்டு வோல்டேஜால் போர்டு போய்விட்டது’ என்று கைவிரிக்கிறார் விற்றவர். இதற்கிடையே பக்கத்து மரக்கடைக்காரர், திருட்டுக்குப் பயந்து பெரிய எல்இடி ஃப்ளட்லைட் மாட்டியிருக்கிறார். விடிய விடிய எரிகிறது. எங்கள் படுக்கையறைக்குள்ளும் அடிக்கிறது. இருவர் மீதும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. இரண்டும் வெவ்வேறு வழக்குகள், வெவ்வேறு இடங்களுக்குப் போக வேண்டியவை. முதலில் மவுன்ட்டைப் பாருங்கள். அதில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, நாளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பழுது தெரிந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். விற்றவரோடு மெயிலில் பேசிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு நீளும் என்று பலர் நினைக்கிறார்கள், நீளாது.

‘வோல்டேஜ்தான் காரணம்’ என்பது அவர் சொல்லும் காரணம். அப்படியானால் எந்தப் பாகம் எதனால் எரிந்தது என்று சர்வீஸ் அறிக்கையாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் மெயிலில் வாங்கி வையுங்கள். யுபிஎஸ் வைத்திருந்தால் அதன் பில், எர்த்திங் சரியாக இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியன் எழுதித் தரும் குறிப்பு, வாரண்டி அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். குறையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பித்தான் கண்டறிய முடியும் என்றால், ஆணையமே பொருளை அனுப்பச் சட்டத்தின் 38-வது பிரிவில் வழி இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அவசரப்பட்டு உள்ளூர் மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒருமுறை திறந்துவிட்டால் அப்புறம் பழி உங்கள் மேல் வந்துவிடும். வக்கீல் நோட்டீஸுக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில விற்பனையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு.

சரி, விளக்கு. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிற மாவட்டத்தில், பிள்ளைகளுக்கு வானம் காட்டுகிற ஓர் ஆசிரியருக்கு இருட்டு கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். ஆனால் சட்டம் இங்கே உங்கள் பக்கம் முழுதாக நிற்காது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு கட்டடத்துக்கு 20 வருடம் தடையில்லாமல் வந்த வெளிச்சத்தின் மேல் உரிமை பிறக்கும். இருட்டுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை. லடாக்கின் ஹான்லே பகுதியை 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள், உண்மைதான். அந்த அறிவிப்பு உங்கள் தெருவுக்குப் பொருந்தாது.

‘என் தொலைநோக்கி பாதிக்கப்படுகிறது’ என்று தொடங்கினால் எதிர்த்தரப்பு வக்கீல் 1889-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான ராபின்சன் எதிர் கில்வெர்ட் வழக்கை எடுப்பார். கீழ்த்தளத்திலிருந்து வந்த சூட்டில் மேல்தளத்துப் பழுப்புக் காகிதம் கெட்டுப்போன வழக்கு அது. சாதாரண ஆளைப் பாதிக்காத சூடு, அளவுக்கு மீறி நொய்மையான சரக்கை மட்டும் கெடுத்தால் அது சட்டப்படி வழக்குத் தொடுக்கக்கூடிய தொல்லை ஆகாது என்று தள்ளிவிட்டார்கள். உங்கள் தொலைநோக்கியையும் அந்தக் காகிதத்தோடுதான் ஒப்பிடுவார்கள்.

ஆகவே படுக்கையறையை முன்னால் வையுங்கள். தூக்கம் யாருக்கும் பொது. ராத்திரி 11 மணிக்கு உங்கள் அறை விளக்கைப் போடாமல் அறை எப்படி இருக்கிறது என்று தேதியோடு பல நாள் படம் எடுங்கள். அவற்றை நீதிமன்றம் ஏற்க, கைப்பேசிப் படங்களுக்கு பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றும் வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது அந்த வெளிச்சத்தைத் தடுக்கச் சொல்லும் உத்தரவு, கேட்கலாம்.

ஆனால் அதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். அவர் பயம் திருட்டுதானே? விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, மேலே ஒரு தகர மறைப்பு வைத்து, ஆள் நடமாடினால் எரிகிற சென்சார் போட்டால் அவர் மரமும் பத்திரம். அந்தச் செலவை நீங்களே ஏற்றாலும் வழக்குச் செலவில் சிறு பங்குதான் வரும். மசியவில்லை என்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள், அவரை அழைத்துப் பேசுவார்கள். கோபத்தில் விளக்கை உடைத்துவிட்டால் குற்ற வழக்கு உங்கள் மேல் வரும்.

இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. மாடியில் தள்ளுகிற கூரை போட்டீர்களே, உள்ளாட்சி அனுமதி வாங்கினீர்களா? நீங்கள் நோட்டீஸ் அனுப்பிய மறுநாளே மரக்கடைக்காரர் போய்க் கேட்கக்கூடிய முதல் கேள்வி அதுதான். அனுமதி தேவையா என்று விசாரித்து, தேவைப்பட்டால் அதை முடித்துவிட்டு அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். மவுன்ட் புகாருக்கு இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.